ரைபோசோம் நடுவழியில் நின்றுபோனால் யார் வந்து இழுப்பது?

தராசு மேடை | வெள்ளி, இரவு 9.12

வணக்கம். மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் தராசில் இருக்கிறேன். உள்ளே வருகிற லோரியை எடை போட்டு, குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது மறுபடி எடை போட்டு, சீட்டுக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. எஸ்பிஎம்மோடு, அதாவது ஐந்தாம் படிவப் பரீட்சையோடு, படிப்பை விட்டவன். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. தோட்டத்து உள்பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். ஒரு பக்கம் பெரிய காண் (வடிகால்), மறுபக்கம் மரம். மூன்றாவது வளைவில் ஒரு லோரிக்குப் பின்சக்கரம் புதைந்துவிட்டது. அதன் பின்னால் ஆறு லோரி. எல்லாம் சரியாகி நான் வீட்டுக்கு வர இரவு பதினொன்று.

மகள் ஆறாம் படிவம், உயிரியல் எடுத்திருக்கிறாள். சோறு போட்டுக்கொண்டே கதையைக் கேட்டவள், "அப்பா, செல்லுக்குள் புரதம் செய்கிற ரைபோசோமும் இப்படித்தான் ஒரே பாதையில் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். முன்னால் போவது நின்றுவிட்டால் என்ன ஆகும்?" என்றாள். புத்தகத்தையும் காட்டினாள். தொடக்கம், நீட்சி, முடிவு என்று மூன்று படம். மூன்றிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வகுப்பில் கேட்டாளாம், பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிட்டார்களாம்.

ரைபோசோம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆனால் கேள்வி நன்றாகவே புரிந்தது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாசார் முக்கு | வெள்ளி, இரவு 9.20

டிராக்டர் வந்து இழுக்கும் அண்ணே. அடுத்த கேள்வி.


பினாங்கு லேப் | வெள்ளி, இரவு 10.47

சிரிப்புக்குச் சொன்னீர்கள், ஆனால் டிராக்டர் நிஜமாகவே இருக்கிறது. ஒன்று இல்லை, நாலைந்து.

நான் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். இப்போது பினாங்கில் பாக்டீரியாவோடு குடித்தனம். அதனால் பாக்டீரியாவில் இருந்து ஆரம்பிக்கிறேன், அண்ணே. மனிதக் கதை கொஞ்சம் சிக்கல், அப்புறம் வருகிறேன்.

தூது ஆர்.என்.ஏ என்பது, இந்தப் புரதத்தை இப்படிச் செய் என்று எழுதி வருகிற ஓலை. ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். மூன்று எழுத்துக்கு ஒரு கோடான் என்று பெயர். ஒவ்வொரு கோடானுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ சுமந்து வந்து கொடுக்க, ரைபோசோம் கோத்துக்கொண்டே போகும். பாக்டீரியாவில் நொடிக்குப் பதினைந்து, இருபது என்று ஓடும். கடைசியில் நிறுத்தக் கோடான் வரும். அதற்கென்று கடத்து ஆர்.என்.ஏ கிடையாது. விடுவிப்புக் காரணி என்ற புரதம் வந்து உட்கார்ந்து, கோத்த சங்கிலியை அறுத்துவிடும். ரைபோசோம் பெரிய அலகு, சின்ன அலகு என்று இரண்டாகக் கழன்று அடுத்த ஓலைக்குப் போய்விடும். புத்தகத்தில் இருக்கிற மூன்று படமும் இதுதான்.

ஓலை பாதியில் கிழிந்திருந்தால்? நிறுத்தக் கோடான் கிழிந்த துண்டோடு போய்விட்டது. ரைபோசோம் நுனி வரைக்கும் படித்துவிட்டு நிற்கிறது. அடுத்த எழுத்து இல்லை, அதனால் கடத்து ஆர்.என்.ஏ எதுவும் வந்து உட்கார முடியாது. நிறுத்து என்று சொல்லும் எழுத்தும் இல்லை, அதனால் விடுவிப்புக் காரணியும் வராது. முன்னாலும் போக முடியாது, இறங்கவும் முடியாது.

இந்த இடத்துக்கு வருவதுதான் டி.எம்.ஆர்.என்.ஏ. ஈ.கோலை பாக்டீரியாவில் 363 எழுத்து நீளம். விசித்திரமான பிறவி: உடம்பில் ஒரு பகுதி கடத்து ஆர்.என்.ஏ மாதிரி மடிந்திருக்கும், இன்னொரு பகுதி தூது ஆர்.என்.ஏ மாதிரி ஓலையாக இருக்கும். அதைக் கூட்டிக்கொண்டு வருவது எஸ்.எம்.பி-பி என்ற சின்னப் புரதம். இந்தச் சின்னப் புரதத்துக்கு ஒரு வால் உண்டு. ஓலை ஓடுகிற பள்ளத்துக்குள் அந்த வால் நுழையும். பள்ளத்தில் ஓலை இருந்தால் வாலுக்கு இடம் இல்லை. காலியாக இருந்தால்தான் உள்ளே போகும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற ரைபோசோமைத் தொந்தரவு செய்யாமல், மாட்டியதை மட்டும் கண்டுபிடிக்க இதுதான் வழி. கையை விட்டுத் துழாவிப் பார்ப்பது மாதிரி.

வால் உள்ளே போனதும் டி.எம்.ஆர்.என்.ஏ தான் சுமந்து வந்த ஓர் அலனினைக் கொடுக்கும். பாதிச் சங்கிலி அதோடு சேர்ந்துகொள்ளும். பிறகு ரைபோசோம் கிழிந்த ஓலையை விட்டுவிட்டு, டி.எம்.ஆர்.என்.ஏவின் உள்ளே இருக்கிற ஓலையைப் படிக்கத் தொடங்கும். அதில் பத்துக் கோடான், பிறகு ஒரு நல்ல நிறுத்தக் கோடான். விடுவிப்புக் காரணி வந்துவிடும், ரைபோசோம் கழன்றுவிடும்.

பாதிப் புரதத்தின் முனையில் இப்போது பதினொரு அமினோ அமிலம் புதிதாகத் தொங்குகிறது. ஈ.கோலையில் அதன் வரிசை: அலனின், அலனின், அஸ்பராஜின், அஸ்பார்டிக், குளூட்டாமிக், அஸ்பராஜின், டைரோசின், அலனின், லியூசின், அலனின், அலனின். கடைசி மூன்றைப் பார்த்தாலே கிளிப்-எக்ஸ்பி என்ற அறுவை எந்திரம் பிடித்து இழுத்துத் துண்டு துண்டாக்கிவிடும். அதாவது 'இது கழிவு' என்று சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். கிழிந்த ஓலையையும் ஆர்.என்.ஏஸ்-ஆர் என்ற நொதி தின்றுவிடும்.

1996-இல் கெய்லர், வாலர், சாவர் மூவரும் இந்த முழு வழியையும் சொன்னார்கள். 2012-இல் அந்த வால் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிற படத்தை எடுத்துக் காட்டியது வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் குழு. ஆமாம், சிதம்பரத்தில் பிறந்தவர், ரைபோசோம் வடிவத்துக்காக 2009-இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர். எங்கள் ஆய்வகத்தில் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.


டியூஷன் டீச்சர் | சனி, காலை 7.05

விளக்கம் அருமை. ஒரு சொல்லில்தான் எனக்குச் சண்டை. இதை எல்லோரும் 'மீட்பு' என்கிறார்கள். எதை மீட்டார்கள்? ஓலை போயிற்று, பாதிப் புரதம் போயிற்று. மாணவர்கள் 'மீட்பு' என்று படித்தால், நின்ற வேலை தொடர்ந்து நடந்து புரதம் முழுசாக வந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். நான் திருத்திய தாள்களிலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, அந்த ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டாம். பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.


தராசு மேடை | சனி, மதியம் 1.30

டீச்சர், குறை சொல்லவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

'மீட்பு' பற்றி: செவ்வாய் அன்று நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? லோரியை இழுக்க முடியவில்லை. கடைசியில் பின்கதவைத் திறந்து குலை அத்தனையையும் பாதையோரம் தள்ளிவிட்டோம். கனம் குறைந்த பிறகுதான் டிராக்டருக்கு அசைந்தது. லோரி புதன்கிழமை காலையே வேலைக்கு வந்துவிட்டது. குலை அங்கேயே கிடந்தது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் அவித்துவிட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். மழையில் அடிபட்ட பழம் வேறு. முக்கால்வாசி வீண்.

ஆனாலும் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் 'லோரியை மீட்டாச்சு' என்றுதான் சொன்னார்கள்.


பினாங்கு லேப் | சனி, மதியம் 2.15

அண்ணே, நான் நாலு பத்தி எழுதி டீச்சருக்குப் பதில் சொல்லலாம் என்றிருந்தேன். வேண்டாம், நீங்கள் சொன்னதே போதும்.

கணக்கை மட்டும் சேர்க்கிறேன். ஓர் அமினோ அமிலம் கோக்க ஏறத்தாழ நான்கு ஏ.டி.பி (செல் சக்திக்குச் செலவழிக்கிற காசு மாதிரி) அளவுக்குச் செலவு. பாதிப் புரதம் வீணானால் அந்தச் செலவு போச்சு, சரி. ஆனால் பாக்டீரியா ரைபோசோம் ஒன்றைக் கட்ட மூன்று ஆர்.என்.ஏவும் 50-க்கு மேல் புரதங்களும் வேண்டும். மனித ரைபோசோமில் நான்கு ஆர்.என்.ஏ, ஏறத்தாழ 80 புரதம். அந்த லோரியை ரோட்டில் விட்டுவிட முடியாது. விட்டால் அந்த ஓலையில் பின்னால் வருவதெல்லாமும் நிற்கும்.


ஆறாம் படிவம் | சனி, மாலை 5.40

நான்தான் அந்த மகள். அப்பா போனில் எழுதுகிறேன், அப்பா தூங்குகிறார்.

அக்கா, இரண்டு சந்தேகம். ஒன்று, டி.எம்.ஆர்.என்.ஏ கெட்டுப்போனால் பாக்டீரியா செத்துவிடுமா? இரண்டு, இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதில், நின்றுபோன ரைபோசோமைப் பார்த்தால் உடனே அறுத்துவிடு என்று விடுவிப்புக் காரணியிடமே சொல்லிவிட்டால் என்ன?


பினாங்கு லேப் | சனி, இரவு 8.22

முதல் கேள்விக்கு: சில பாக்டீரியா செத்துவிடும். கொனோரியா கிருமிக்கு டி.எம்.ஆர்.என்.ஏ இல்லாமல் பிழைப்பு இல்லை. ஈ.கோலை பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் அதற்கு மாற்று ஆள் இருக்கிறது. ஆர்ஃப்-ஏ என்று பெயர். இதுவும் காலிப் பள்ளத்தில் வாலை விட்டுப் பார்க்கிற ஆள்தான், ஆனால் தானே அறுக்காது, இரண்டாம் விடுவிப்புக் காரணியைக் கூட்டி வந்து அறுக்க வைக்கும். 2010-இல் ஜப்பானியக் குழு ஒன்று கண்டுபிடித்தது. டி.எம்.ஆர்.என்.ஏ, ஆர்ஃப்-ஏ இரண்டையும் எடுத்துவிட்டால் ஈ.கோலையும் காலி.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று. ஆர்ஃப்-ஏவைச் செய்கிற ஓலையே ஒரு கிழிந்த ஓலை! நிறுத்தக் கோடானுக்கு முன்பே அதை ஒரு நொதி வெட்டிவிடும். ஆகவே ஆர்ஃப்-ஏ செய்கிற ரைபோசோம் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்ளும், டி.எம்.ஆர்.என்.ஏ வந்து சீட்டு ஒட்டி அழித்துவிடும். டி.எம்.ஆர்.என்.ஏ வராத நாளில்தான் ஆர்ஃப்-ஏ அழியாமல் மிஞ்சி வேலைக்கு இறங்கும். என் தாத்தா காலத்தில் தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், 'ஸ்பேர்' ஆள் நிற்பார்களாம். நிரைக்காரன் (அந்த மர வரிசைக்கு உரிய ஆள்) வந்துவிட்டால் ஸ்பேர் வீட்டுக்குப் போகலாம், வராவிட்டால் அந்த நிரை அவனுக்கு. அதே ஏற்பாடு.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, தங்கச்சி. பதில்: நின்றதெல்லாம் மாட்டியது இல்லை. சில கோடானுக்கு உரிய கடத்து ஆர்.என்.ஏ குறைவாக இருக்கும், அங்கே கொஞ்சம் காத்திருக்கும். சில இடத்தில் வேண்டுமென்றே நிற்கும். ஈ.கோலையில் செக்-எம் என்று ஒரு புரதம், தன்னைச் செய்கிற ரைபோசோமைத் தானே பிடித்து நிறுத்திவிடும். புரதங்களை வெளியே அனுப்புகிற வாசல் வேலை செய்கிறதா என்று சோதிக்க அது ஒரு வழி. நின்றதைப் பார்த்த உடனே அறுக்கிற ஆளை வைத்தால் இவர்கள் கழுத்தையும் சேர்த்து அறுத்துவிடுவான். ஆகவே 'ஏன் நிற்கிறாய்' என்று செல் விசாரிப்பதில்லை. இனிமேல் போகவே முடியாது என்பதற்கு அடையாளம் கிடைக்கும் வரை சும்மா இருக்கும். பாக்டீரியாவில் காலிப் பள்ளம் அந்த அடையாளம். நம் உடம்பில் வேறு.


பாசார் முக்கு | சனி, இரவு 8.31

நம் உடம்பில் என்ன? இப்படி நிறுத்தினால் எப்படி. சீரியல் மாதிரி இருக்கு.


பினாங்கு லேப் | ஞாயிறு, காலை 11.03

நம் உடம்பு. தேத்தண்ணி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் ஓலைகளின் கடைசியில் ஏ-ஏ-ஏ-ஏ என்று நீள வால் இருக்கும். வழக்கமாக ரைபோசோம் அதைத் தொடாது, முன்பே நிறுத்தக் கோடானில் இறங்கிவிடும். நிறுத்தக் கோடான் இல்லாத ஓலையாக இருந்தால் நேராக வாலுக்குள் ஓடிவிடும். ஏ-ஏ-ஏ என்றால் லைசின். லைசின், லைசின், லைசின் என்று கோத்துக்கொண்டே போகும். லைசினுக்கு நேர்மின் சுமை, புதுச் சங்கிலி வெளியே வருகிற சுரங்கத்தின் உட்சுவர் பெரும்பாலும் எதிர்மின். ஒட்டிக்கொள்ளும். வாலும் ரைபோசோமுக்குள் சுருண்டு சண்டித்தனம் செய்யும். வேகம் குறைந்து நின்றுவிடும்.

பின்னால் வருகிற ரைபோசோமுக்கு இது தெரியாது. நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலம் வேகத்தில் வந்து முன்னால் நிற்பதன் முதுகில் முட்டும்.

இந்த முட்டல்தான் அடையாளம். இரண்டு ரைபோசோம் முட்டும்போது, இரண்டின் சின்ன அலகும் ஒட்டி ஒரு புது மூலை உண்டாகிறது. தனியாக நிற்கும் ரைபோசோமில் அந்த மூலை இல்லை. இசட்.என்.எஃப் 598 என்ற புரதம் அந்த மூலையைத்தான் பிடிக்கும். பிடித்து, சின்ன அலகின் புரதங்களில் யுபிக்விடின் என்ற சீட்டை ஒட்டும். ஈஸ்ட்டில் இதே வேலைக்கு ஹெல்-2. 2018-இல் கேம்பிரிட்ஜில் ராமானுஜன் ஹெக்டே குழு இதைத் தெளிவாகக் காட்டியது.


தராசு மேடை | ஞாயிறு, காலை 11.40

தங்கச்சி, நிறுத்துங்கள். இது அப்படியே எங்கள் கதை.

அந்த வளைவில் போன் லைன் கிடையாது. புதைந்த லோரிக்காரன் இறங்கி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான், யாருக்கும் சொல்ல வழியில்லை. இரண்டாவது லோரி வந்து பம்பரை உரசுகிற மாதிரி நின்று ஹார்ன் அடித்தது. மூன்றாவதும் அடித்தது. அந்தச் சத்தம்தான் ஆலைக்குக் கேட்டது. ஒரு லோரி மட்டும் நின்றால் நாங்கள் கவலைப்படுவதே இல்லை. டிரைவர் ஒதுங்கியிருப்பான், சுருட்டு பிடிப்பான் என்று விட்டுவிடுவோம். ஹார்ன் வந்தால்தான் டிராக்டர்.


டியூஷன் டீச்சர் | ஞாயிறு, மதியம் 12.10

உவமை அழகாக இருப்பதால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதைப் படிப்பவர்கள் 'பாக்டீரியாவில் பள்ளம், மனிதனில் முட்டல்' என்று இரண்டு பெட்டி போட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். அது சரியில்லை. பாக்டீரியாவிலும் முட்டலை உணர்கிற புரதம் உண்டு. எஸ்.எம்.ஆர்-பி, 2022-இல் வெளிவந்த வேலை. முட்டிய இடத்தில் ஓலையையே அது வெட்டிவிடும். வெட்டியதால் பின்னால் இருக்கிற ரைபோசோம் ஓலையின் நுனிக்கு வந்துவிடுகிறது, பள்ளம் காலியாகிறது, டி.எம்.ஆர்.என்.ஏ வருகிறது. மனிதனிலும் காலி நுனியை உணர்கிற ஆள் உண்டு, பெலோட்டா. சரிதானே?


பினாங்கு லேப் | ஞாயிறு, மதியம் 12.48

சரி, டீச்சர். பிடித்துவிட்டீர்கள். நான் சுருக்கியது தப்பு. எஸ்.எம்.ஆர்-பி வேலை வெளிவந்தபோது எங்கள் லேப்பில் ஒரு வாரம் அதையே பேசினோம், அப்படியும் எழுதும்போது பெட்டி போட்டுவிட்டேன்.

பெலோட்டா பற்றி: ஈஸ்ட்டில் அதற்கு டாம்-34 என்று பெயர். விடுவிப்புக் காரணியின் கூடப் பிறந்தது மாதிரி உருவம். ஆனால் சங்கிலியை அறுக்கிற கத்தி இதன் கையில் இல்லை. அது வந்து உட்கார்ந்தால் ரைபோசோமின் இரண்டு அலகும் பிரியும், சங்கிலி அறுபடாது. பெரிய அலகோடு பாதிப் புரதம் தொங்கிக்கொண்டே இருக்கும். முட்டல் வழியிலும் அதே முடிவுதான். சீட்டு ஒட்டிய பிறகு வேறொரு கூட்டம் ஓலையைப் பிடித்து இழுத்து, முன்னால் நிற்கிற ரைபோசோமைப் பிரித்துப் போடும்.

மிச்சக் கதையைச் சாயங்காலம் எழுதுகிறேன். சோறு பொங்க வேண்டும்.


பழைய டிரெசர் | ஞாயிறு, மாலை 4.20

நான் முப்பது வருஷம் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவன். ரைபோசோம் தெரியாது, ஆனால் ரைபோசோமை நிறுத்துகிற மருந்தைக் கையால் கொடுத்திருக்கிறேன். டைபாய்டுக்கு குளோராம்பினிகால் வெள்ளைக் கேப்சூல். எரித்ரோமைசின் சிவப்பு மாத்திரை. இவையெல்லாம் பாக்டீரியாவின் ரைபோசோமைத்தானே பிடிக்கின்றன?

இன்னொரு கேள்வி. காச நோய்க்கு முதல் இரண்டு மாதம் நாலு மருந்து கொடுப்போம், அதில் பைராசினமைடு ஒன்று. என் பேரன் நெட்டில் பார்த்துவிட்டு, 'தாத்தா, அது ரைபோசோம் மீட்பைத் தடுக்கிற மருந்து' என்கிறான். உண்மையா?


பினாங்கு லேப் | ஞாயிறு, மாலை 6.55

ஐயா, வணக்கம். உங்கள் கையால் ஊசி வாங்கி நான் அழுதிருக்கவும் வாய்ப்பு உண்டு.

முதலாவது, ஆமாம். குளோராம்பினிகால் அமினோ அமிலங்களைக் கோக்கிற இடத்தை அடைக்கும். எரித்ரோமைசின் சங்கிலி வெளியே வரும் சுரங்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ரைபோசோம் மாட்டிக்கொள்ளும். டி.எம்.ஆர்.என்.ஏ இல்லாத ஈ.கோலை இந்த மாதிரி மருந்துகளுக்குச் சீக்கிரம் சாயும்.

பைராசினமைடு: 2011-இல் அப்படி ஒரு ஆய்வு வந்தது உண்மை. பெரிய இதழில் வந்ததால் எல்லோரும் எடுத்து எழுதினார்கள். பின்னால் வந்த சோதனைகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்த மருந்து கோ-என்சைம் ஏ செய்கிற வழியில் உள்ள ஒரு புரதத்தைக் கெடுக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் கூடுதல். நெட்டில் பழைய பக்கங்கள் அப்படியே நிற்கின்றன, பேரன் மேல் தப்பு இல்லை. மருந்து வேலை செய்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படி என்பதில்தான் சண்டை. யாராவது இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

பாக்டீரியாவின் மீட்பு வழியைக் குறிவைத்துப் புது மருந்து தேடுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். நம் செல்லின் சைட்டோபிளாசத்தில் டி.எம்.ஆர்.என்.ஏ இல்லை என்பதால் அந்த ஆசை.


பழைய டிரெசர் | ஞாயிறு, இரவு 7.30

நன்றி அம்மா. பேரனுக்குக் காட்டிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் முகம் வாடிவிட்டது.


பினாங்கு லேப் | ஞாயிறு, இரவு 9.10

சரி, மிச்சக் கதை. எனக்கு இதுதான் உச்சம்.

ரைபோசோம் பிரிந்தாயிற்று. சின்ன அலகு போய்விட்டது. ஓலையும் வெட்டுப்பட்டுப் போயிற்று. பெரிய அலகு மட்டும், வாசலில் பாதிப் புரதத்தோடு, உள்ளே கடத்து ஆர்.என்.ஏவோடு நிற்கிறது. இந்த நிலையை நெம்ஃப் என்ற புரதம் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். அது லிஸ்டரின் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து வைக்கும். லிஸ்டரின் கை நீளம். பெரிய அலகைச் சுற்றி வளைத்து, சுரங்க வாசலுக்கு வந்து, வெளியே தொங்குகிற பாதிப் புரதத்தின் லைசின்கள் மேல் யுபிக்விடின் சீட்டை ஒட்டும். 2010-இல் பெங்ட்சனும் ஜோசேரோவும் இதைச் சொன்னார்கள். பிறகு ஏ.என்.கே.இசட்.எஃப்-1 என்ற புரதம் சங்கிலியை விடுவிக்க, பி-97 என்ற இன்னொரு புரதம் வெளியே இழுக்க, புரோட்டியாசோம் என்ற அறுவை எந்திரம் அரைத்துவிடும். பெரிய அலகு சுதந்திரம்.

ஒரு சிக்கல். லிஸ்டரினுக்கு ஒட்ட லைசின் வேண்டும். லைசின் எல்லாம் சுரங்கத்துக்கு உள்ளேயே இருந்தால்? முப்பது நாற்பது அமினோ அமிலம் உள்ளே மறைந்திருக்குமே.

ஈஸ்ட்டில் இதற்கு ஒரு வழி இருப்பதை 2015-இல் பார்த்தார்கள். நெம்ஃப்பின் ஈஸ்ட் உறவுக்கு ஆர்.கியூ.சி-2 என்று பெயர். அது அலனினையும் திரியோனினையும் சங்கிலியின் முனையில் சேர்த்துக்கொண்டே போகும். ஓலை கிடையாது! சின்ன அலகும் கிடையாது! படிக்க ஒன்றும் இல்லாமல், பெரிய அலகு தன்பாட்டுக்குக் கோக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'ஓலை இல்லாமல் புரதம் இல்லை' என்று படித்த எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பின்னால் இருந்து வால் வளர வளர, முன்னால் இருப்பது சுரங்கத்தை விட்டு வெளியே தள்ளப்படும். மறைந்திருந்த லைசின் வாசலுக்கு வரும். லிஸ்டரின் சீட்டு ஒட்டிவிடும். லிஸ்டரின் இல்லாவிட்டால் இந்த வால் வைத்த புரதங்கள் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும்.


டியூஷன் டீச்சர் | ஞாயிறு, இரவு 9.41

அந்தக் கட்டிகள் நரம்பைப் பாதிக்கும் என்று படித்த நினைவு.


பினாங்கு லேப் | ஞாயிறு, இரவு 10.02

கட்டிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், டீச்சர். லிஸ்டரின் கெட்ட எலிகளுக்கு நரம்புத் தேய்வு வருவது 2009-இலேயே தெரியும். அப்போது அந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது என்றே தெரியாது, எலி தள்ளாடுவது மட்டும் தெரியும். 2014-இல் இன்னொரு எலி: மூளையில் மட்டும் இருக்கும் ஒரு கடத்து ஆர்.என்.ஏவில் குறை, அதனால் ரைபோசோம் ஆர்ஜினின் கோடானில் நிற்கிறது. அந்தக் குறை மட்டும் இருந்தால் எலி தாக்குப்பிடிக்கும். மீட்புக்கு உதவும் ஜி.டி.பி.பி.பி-2 என்ற புரதமும் இல்லாவிட்டால் நரம்புச் செல்கள் செத்துவிடும்.


தராசு மேடை | ஞாயிறு, இரவு 10.15

ஒரு லோரி, ஆறு லோரி சரி. மொத்தத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால்? 2014 டிசம்பர் வெள்ளத்தில் அப்படித்தான் இருந்தது, டிராக்டர் எதற்கென்று போகும்.


பினாங்கு லேப் | ஞாயிறு, இரவு 10.33

அண்ணே, நீங்கள் பேசாமல் எங்கள் லேப்புக்கு வந்துவிடுங்கள்.

அதற்கும் ஆள் உண்டு. முட்டல் அளவுக்கு மீறினால் ஸாக்-ஆல்ஃபா என்ற புரதம் விழித்துக்கொள்ளும். 2020-இல் வந்த வேலை. அது இழுக்கவோ பிரிக்கவோ போகாது, செல் முழுவதற்கும் அபாயச் சங்கு ஊதும். சங்கு ஓயாவிட்டால் செல் தன்னையே முடித்துக்கொள்ளும்.

வெயிலில் தோல் வெந்து சிவப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. புற ஊதாக் கதிர் டி.என்.ஏவை மட்டும் இல்லை, ஆர்.என்.ஏவையும் கெடுக்கும். கெட்ட ஓலையில் ரைபோசோம் நிற்கும், முட்டும், ஸாக்-ஆல்ஃபா ஊதும். 2024-இல் எலித் தோலில் காட்டினார்கள்: ஸாக்-ஆல்ஃபா இல்லாத எலிக்கு அந்த அழற்சி குறைவாக இருந்தது. என் அம்மா மருந்தடிக்கும் வேலைக்குப் போய்விட்டு வந்து கழுத்தில் கற்றாழை தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கட்டுரையைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.


பாசார் முக்கு | ஞாயிறு, இரவு 10.40

நான் சும்மா டிராக்டர் என்று சொல்லிவிட்டுப் போனவன். மூன்று நாளாக இங்கேயே கிடக்கிறேன்.


ஆறாம் படிவம் | திங்கள், இரவு 8.50

அக்கா, எல்லாவற்றையும் ஒரே படமாக வரைந்துவிட்டேன். வகுப்பில் காட்டப்போகிறேன். ஒரே ஒரு இடம் சந்தேகம். ஆர்.கியூ.சி-2 அலனின், திரியோனின் வால் சேர்க்கிற கட்டத்தில் ரைபோசோமை முழுசாக வரைந்திருக்கிறேன். ஓலையை மட்டும் எடுத்துவிட்டேன். சரியா?


பினாங்கு லேப் | திங்கள், இரவு 9.04

சின்ன அலகை அழித்துவிடு, தங்கச்சி. அந்தக் கட்டத்தில் அது அங்கே இல்லை. பெரிய அலகு, உள்ளே கடத்து ஆர்.என்.ஏ, பக்கத்தில் ஆர்.கியூ.சி-2, வாசலில் லிஸ்டரினின் ஈஸ்ட் வடிவம். அவ்வளவுதான்.


தராசு மேடை | திங்கள், இரவு 9.20

அழித்துவிட்டாள். ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளே மெலிந்துவிட்டது. முட்டல் படத்தில் இரண்டாவது ரைபோசோமின் மேல் சின்னதாக ஒரு ஹார்ன் வரைந்திருக்கிறாள், அதை எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள்.


டியூஷன் டீச்சர் | திங்கள், இரவு 9.26

இருக்கட்டும், விடுங்கள்.